முதல் வண்டிக்கு 108 போதும். இரண்டாவது வண்டிக்குத்தான் கணக்குப் போட வேண்டும்

அப்பா அம்மா ஊரில், பிள்ளைகள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலையில் என்று இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நடு ராத்திரியில் நெஞ்சுவலி என்றால் 108-ஐக் கூப்பிடுவதா, தனியார் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா? ஹெல்த் இன்சூரன்ஸ் இருந்தால் வண்டி வாடகையை கம்பெனி கொடுத்துவிடுமா? பாலிசி எதுவும் இல்லாத வீட்டுக்கு எவ்வளவு போகும்?

ஆம்புலன்ஸ் செலவு என்று நாம் ஒரே பேரில் சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனிச் செலவுகள். வீட்டிலிருந்து முதல் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒன்று. அங்கே "இங்க வசதி பத்தாது, மதுரைக்குக் கொண்டு போயிடுங்க" என்று டாக்டர் சொன்ன பிறகு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவது இன்னொன்று. முதலாவதற்குத் தமிழ்நாட்டில் பைசா செலவில்லை. குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இரண்டாவதில். பாலிசி எடுக்கும்போது யாரும் படித்துப் பார்க்காத பக்கமும் அதைப் பற்றியதுதான்.

முதல் பயணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 108 சேவை தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கியது. கூப்பிடவும் காசில்லை, ஏறவும் காசில்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று என்று எதையும் கேட்கமாட்டார்கள். வண்டியில் ஓட்டுநரோடு ஒரு மருத்துவ உதவியாளரும் வருவார். சாதாரண வண்டியிலேயே ஆக்சிஜனும் முதலுதவிச் சாமான்களும் இருக்கும். உயர்நிலை வண்டிகளில் வென்டிலேட்டரும், இதயத் துடிப்பைச் சீராக்க ஷாக் கொடுக்கும் கருவியும் உண்டு. பிறந்த குழந்தைகளுக்கென்று தனி வண்டிகளும், சந்துகளுக்குள் நுழைய பைக் ஆம்புலன்ஸ்களும் இருக்கின்றன. எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கோ ஆக்சிஜனுக்கோ தனிக் காசு கிடையாது. யாராவது கையை நீட்டினால் கொடுக்க வேண்டாம். 104-ல் புகார் சொல்லலாம்.

ஆனால் 108 நம் விருப்பத்துக்கு ஓடும் வாடகை வண்டி அல்ல. அருகில் இருக்கும், அந்த நோயைப் பார்க்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் அது போகும். டயாலிசிஸுக்கு அழைத்துப் போக, ஸ்கேன் எடுத்துத் திரும்ப, டிஸ்சார்ஜ் ஆனவரை வீட்டில் விட அதைக் கூப்பிட முடியாது. பிரசவம் முடிந்த தாயையும் குழந்தையையும் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டில் கொண்டுபோய் விடத் தனியாக 102 இருக்கிறது. ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து இன்னும் பெரிய அரசு மருத்துவமனைக்கு மாற்றும்போது 108 வரும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நாமாக விரும்பி மாற்றுகிறோம் என்றால் பெரும்பாலும் நம் காசில்தான் வண்டி பிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் பல வீடுகளில் ஒரு தயக்கம் வருவதைப் பார்க்கிறேன். "108-ல ஏத்தினா ஜி.ஹெச்.சுக்குத்தான் கொண்டு போவான், நம்மகிட்ட இன்சூரன்ஸ் இருக்குல்ல, நேரா மதுரைக்கே போயிடலாம்" என்று காரை எடுக்கிறார்கள். நெஞ்சுவலியில் இது ஆபத்தான கணக்கு. தேனியிலிருந்து மதுரை சுமார் 75 கி.மீ. காரின் பின் சீட்டில் ஆக்சிஜனும் இல்லை, இதயம் நின்றுபோனால் ஷாக் கொடுக்கக் கருவியும் இல்லை. மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுப்பதற்காக 'இதயம் காப்போம்' என்ற திட்டம் 2023-ல் வந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, முதல் மருந்தைக் கொடுத்து, அதன் பிறகு மாற்றுவதுதான் உயிரைக் காக்கும் வழி. பாலிசி இருக்கிறது என்பதற்காக முதல் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகக் கூடாது. அவசரத்தில் அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எந்த டாக்டரும் சிகிச்சை தந்தே ஆக வேண்டும் என்று 1989-லேயே பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று கேஷுவாலிட்டியில் யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இனி இரண்டாவது பயணம். தனியார் ஆம்புலன்ஸ்காரரிடம் போனில் பேசிப் பார்த்தவர்களுக்கு இந்த உரையாடல் தெரிந்ததாக இருக்கும்.

"அண்ணே, தேனியில இருந்து மதுரைக்கு ஒரு பேஷண்டை ஷிப்ட் பண்ணணும், எவ்வளவு ஆகும்?"

"என்ன வண்டி தம்பி வேணும்? சாதா வண்டியா, ஆக்சிஜன் வண்டியா, ஐ.சி.யு. வண்டியா?"

"ஐ.சி.யு.லதான் இருக்காங்க."

"அப்ப வென்டிலேட்டர் வண்டிதான். கூட ஸ்டாஃப் வேணுமில்ல? அது தனி. ரிட்டர்ன் காலியாத்தான வரணும், அதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

வாடகை, ஆக்சிஜன், கூட வரும் ஆள், திரும்பி வரும் தூரம், சேரும் ஆஸ்பத்திரியில் பெட் கிடைக்கும்வரை காத்திருப்பு, டோல், டிரைவர் பேட்டா. இத்தனையும் ஒரே தொகைக்குள் இருக்கும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் மனம் இருக்காது. முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்வது இதனால்தான்.

நியாயமான வாடகை எது என்று அளந்து பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. கொரோனா இரண்டாம் அலையில் தனியார் ஆம்புலன்ஸ்கள் கேட்ட தொகை தலைக்கு மேல் போனபோது, 2021 மே மாதத்தில் தமிழக அரசு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 10 கி.மீ.க்கு சாதாரண வண்டி ரூ.1,500, ஆக்சிஜன் உள்ள அடிப்படை வசதி வண்டி ரூ.2,000, வென்டிலேட்டர் உள்ள உயர்நிலை வண்டி ரூ.4,000. அதற்கு மேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் முறையே 25, 50, 100 ரூபாய். அது கொரோனா காலத்து உத்தரவு. இன்றைய டீசல் விலையையும் ஆள் கூலியையும் சொல்லி இதற்கு மேல் கேட்பவர்கள்தான் அதிகம். ஆனாலும் கேட்கும் தொகை கொஞ்சம் கூடுதலா, கொள்ளையா என்று முடிவு செய்ய இது உதவும்.

அந்தக் கட்டணத்தை வைத்துத் தேனி - மதுரை 75 கி.மீ.க்கு, ஒருவழித் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கணக்குப் போடலாம். சாதாரண வண்டிக்கு ரூ.3,125 வருகிறது. ஆக்சிஜன் வண்டிக்கு ரூ.5,250. வென்டிலேட்டர் வண்டிக்கு ரூ.10,500. பாலிசி இல்லாத வீட்டில் இந்த முழுத் தொகையும் கையிலிருந்து போகும்.

பாலிசி இருந்தால்? எல்லா பொது, மருத்துவக் காப்பீட்டு கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ல் கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கொள்வோம். எந்த கம்பெனியில் வாங்கினாலும் நிபந்தனைகள் ஒன்றே என்பதால் ஒப்பிட வசதி. அதில் சாலை ஆம்புலன்ஸுக்கு ஒருமுறை அட்மிஷனுக்கு அதிகபட்சம் ரூ.2,000. மொத்த க்ளெய்மில் 5 சதவீதம் நாம் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆக கைக்கு வருவது ரூ.1,900. வென்டிலேட்டர் வண்டிக்கு ரூ.10,500 கொடுத்தவருக்கு ரூ.8,600 சொந்தச் செலவு. சாதாரண வண்டி என்றால் ரூ.1,225. வண்டி எவ்வளவு பெரிதோ, நோயாளியின் நிலை எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்குப் பாலிசியின் பங்கு சிறுத்துப்போகிறது. பழைய பாலிசிகள் பலவற்றில் இந்த வரம்பு இன்னும் குறைவு. புதிதாக விற்கும் பாலிசிகள் சிலவற்றில் தனி வரம்பு இல்லாமல், காப்பீட்டுத் தொகைக்குள் ஆன செலவு முழுவதையும் தருகிறார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பாலிசிகள் ஏறத்தாழ ஒரே பிரீமியத்தில் கிடைக்கும்போது இந்த ஒரு வரியை வைத்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன். குறிப்பாக, பெரிய ஆஸ்பத்திரி 50 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு. மதுரை நகருக்குள்ளேயே குடியிருப்பவருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை.

தொகையைவிட நிபந்தனைகளில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். ஆம்புலன்ஸ் பணம் தனியாக வராது. அந்த ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்து, அந்த க்ளெய்மை கம்பெனி ஏற்றுக்கொண்டால்தான் வண்டி வாடகையும் சேர்ந்து வரும். உள்நோயாளி என்றால் பெரும்பாலும் 24 மணி நேரமாவது படுக்கையில் இருந்திருக்க வேண்டும். மூச்சுத் திணறலோடு கொண்டுபோய், கேஷுவாலிட்டியில் நெபுலைசர் வைத்து, ஆறு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் உயிர் பிழைத்தது நிம்மதி. ஆனால் வண்டி வாடகையும் கேஷுவாலிட்டி பில்லும் நம் தலையில்தான், ஓ.பி.டி. (அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியம்) செலவுக்கும் சேர்த்து எடுத்த பாலிசியாக இருந்தாலொழிய. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குத் திரும்பும் வண்டிக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இடமில்லை. பாலிசி எடுத்த முதல் 30 நாளில், விபத்தைத் தவிர வேறு எதற்கும் க்ளெய்ம் கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று 2024-ல் குறைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள் அந்த நோயால் வந்த அட்மிஷன் மறுக்கப்பட்டால் ஆம்புலன்ஸ் பணமும் கூடவே போய்விடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதற்கு இன்னொரு நிபந்தனை இருக்கிறது. முதல் இடத்தில் அந்தச் சிகிச்சைக்கு வசதியில்லை, ஆகவே மாற்றுகிறோம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். "உறவினர் விருப்பத்தின் பேரில்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் க்ளெய்ம் தடுமாறும். அங்கே டியூட்டி டாக்டரிடம் நின்று, கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்து நீக்கும் அறை) இல்லை, நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை என்பது போல உண்மையான காரணத்தை ரெஃபரல் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

பில்லும் அப்படித்தான். எங்கள் சித்தப்பாவைப் பக்கவாதத்துக்காக மாற்றியபோது கொண்டுபோன வண்டிக்காரர் கொடுத்தது, ஒரு சிறிய பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். தொகையும் தேதியும் மட்டும் இருந்தன. வண்டி எண் இல்லை, எங்கிருந்து எங்கே என்று இல்லை, நோயாளி பெயர் 'பெரியவர்' என்று எழுதியிருந்தது. கம்பெனி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. சித்தி மூன்று வாரம் அந்த டிரைவருக்குப் போன் போட்டு ஒழுங்கான ரசீது வாங்கினார். அதற்குள் க்ளெய்ம் காகிதங்களைக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. வண்டி எண், நோயாளியின் முழுப் பெயர், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தூரம், என்ன வகை வண்டி, நிறுவனத்தின் முத்திரை, இத்தனையும் ரசீதில் இருக்க வேண்டும். ஜி.பே.யில் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் ரசீதுக்கு ஈடாகாது, ஆனால் துணை ஆதாரமாக நிற்கும். ஆகவே ரொக்கமாகக் கொடுக்காமல் போனிலேயே அனுப்புவது நல்லது. ஆரோக்கிய சஞ்சீவனியில் அவசர அட்மிஷனை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; காகிதங்களை டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "ரூ.1,900-க்கு இத்தனை பாடா, அப்ப பாலிசியே வேண்டாம்" என்று யாராவது முடிவு செய்தால் அதுவும் தவறு. பாலிசி வேண்டியது வண்டிக்காக அல்ல, வண்டி போய் நிற்கும் இடத்துக்காக. தனியார் ஆஸ்பத்திரியில் மாரடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் பில் லட்சங்களில் வரும். ரூ.10,500 வாடகை அதன் முன்னால் சின்னத் தொகை. கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் வசதி, கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜின்போது மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று 2024 மே மாதம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அட்வான்ஸ் என்று ஆஸ்பத்திரி ஒரு தொகை கேட்கும். பாலிசி உள்ளவர்களுக்கும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும் என்று நான் சொல்வது இந்த இடைவெளிக்காகத்தான். ஐ.சி.யு. வாடகைக்கு ஆரோக்கிய சஞ்சீவனியில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ரூ.10,000 என்ற வரம்பும் இருக்கிறது. அதற்கு மேல் வாங்கும் ஆஸ்பத்திரியில் மிச்சத்தை நாம்தான் கட்ட வேண்டும். தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. வரியால் பிரீமியம் கூடுகிறது என்று தள்ளிப்போட்டவர்கள் இப்போது மறுபடி விலை கேட்டுப் பார்க்கலாம்.

தனியார் பாலிசி இல்லாதவர்கள் எல்லாரும் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை. தனியார் ஆம்புலன்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு ரசீதை நீட்டிப் பணம் வாங்கும் திட்டம் அல்ல அது. அந்தக் குடும்பங்களுக்கு என் ஒப்பீட்டில் மிகச் சிக்கனமான வழி: 108-ல் அரசு மருத்துவமனை, தேவைப்பட்டால் அங்கிருந்து 108-லேயே மதுரைப் பெரியாஸ்பத்திரி. இரண்டு பயணமும் இலவசம். கூட இருப்பவர்களின் சாப்பாடு, தங்கல், இழந்த கூலி என்று அதிலும் செலவு உண்டுதான். ஆனால் நகையை அடகு வைக்கும் நிலைக்கு யாரும் போக வேண்டியதில்லை. கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் கார்டை முன்பே வாங்கி வையுங்கள். ஐ.சி.யு. வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு அலைவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சாலை விபத்துக்குக் கணக்கே வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், வெளிமாநிலத்தவர் ஆனாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ரூ.1 லட்சமாக இருந்த வரம்பை ரூ.2 லட்சமாக்கியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமாக மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டத்தில் ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சம். ஆகவே விபத்தில் "பாலிசி இருக்கா?" என்ற கேள்விக்காக ஒரு நிமிடம்கூட நிற்கத் தேவையில்லை. தனியார் வண்டிக்குக் கொடுத்த வாடகை ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும்போது போக்குவரத்துச் செலவு என்றே தனித் தலைப்பு இருக்கிறது. அந்த ரசீது அங்கே பயன்படும். உதவி செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவரைப் பெயர் சொல்லச் சொல்லியோ, சாட்சியாக இருக்கச் சொல்லியோ கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

சொல்லவே மனம் வராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இறந்தவரை 108-ல் கொண்டுபோக மாட்டார்கள். வழக்கமான ஹெல்த் பாலிசியும் அந்த வண்டிக்குப் பணம் தராது. துக்கத்தில் பேரம் பேச முடியாத குடும்பங்களிடம் கண்டபடி வாங்குவது இந்த வண்டிக்குத்தான். அரசு மருத்துவமனைகளிலிருந்து உடலை ஊருக்குக் கொண்டு சேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. இந்த எண்ணைத் தெரியாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

தேனி போன்ற ஊரில் அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரை வைத்திருப்பவர் கேட்டால் நான் சொல்வது இதுதான். வீட்டிலிருந்து கிளம்பும் முதல் வண்டி எப்போதும் 108 ஆக இருக்கட்டும், எவ்வளவு பெரிய பாலிசி இருந்தாலும். பாலிசி எடுப்பதானால் ஆம்புலன்ஸுக்குத் தனி வரம்பு இல்லாததையோ, வரம்பு அதிகமுள்ளதையோ எடுங்கள், ஏஜென்டிடம் "ஆஸ்பத்திரி மாத்தும்போது வண்டிக்குக் கொடுப்பாங்களா, எவ்வளவு?" என்று கேட்டு, அவர் காட்டும் வரியைப் பாலிசிப் புத்தகத்திலேயே பாருங்கள். விமான ஆம்புலன்ஸ் வசதியைக் காட்டி பிரீமியத்தைக் கூட்டினால், அது இல்லாத பாலிசியையும் விலை கேளுங்கள். நம் ஊர் அவசரங்களில் பெரும்பாலானவை சாலை வழியாகத்தான் போகின்றன. பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வென்டிலேட்டர் வண்டிக்கு, அரசு கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கேட்டாலும் சமாளிக்கும்படி, ரூ.15,000 அளவிலான பணம், ஊரில் இருக்கும் ஒருவரின் வங்கிக் கணக்கில், ராத்திரியிலும் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். பிள்ளையின் சென்னைக் கணக்கில் கிடந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தால் பயனில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யலாம். ஊரில் இருக்கும் இரண்டு மூன்று தனியார் ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் போன் செய்து, வென்டிலேட்டர் வண்டி சொந்தமாக இருக்கிறதா, மதுரைக்கு எவ்வளவு, அதில் ஸ்டாஃபும் ஆக்சிஜனும் திரும்பும் தூரமும் அடக்கமா, முத்திரையோடு பில் தருவார்களா என்று கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதி வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பாலிசி எண்ணையும் கம்பெனியின் இலவசத் தொலைபேசி எண்ணையும் அதே தாளில், பெரியவர்கள் கண்ணாடி போடாமலே படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.